ஞாயிற்றுக்கிழமை வண்டி

சின்னராசுவின் வண்டி பொன்னேரிக்குச் சற்று முன்னால், பூட்டிக் கிடந்த ஒரு வெல்டிங் கடை வாசலில் நின்றுபோனது. ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி. இன்ஜினுக்குள் ஏதோ உடைந்து உருண்டது காலில் தெரிந்தது. அதோடு கிக்கர் கல்லாகிவிட்டது. மிதித்துப் பார்த்தான், தள்ளிப் பார்த்தான், பெட்ரோல் டேங்கைத் திறந்து எட்டிப் பார்த்தான். வண்டி நின்றுபோன எந்த மனிதனும் டேங்கைத் திறந்து பார்க்காமல் விட்டதில்லை. அதற்குள் என்ன தெரியும் என்று எதிர்பார்க்கிறார்களோ, கடவுளுக்கே வெளிச்சம்.

அவன் போய்க்கொண்டிருந்தது மீஞ்சூருக்கு. அங்கே அவன் மனைவி ஜெபா ஒன்பது மாதமாக அம்மா வீட்டில் இருக்கிறாள். மனைவியைப் பார்க்கப் போகிறான் என்றுதானே நினைப்பீர்கள்? அந்தத் தைரியம் இருந்தால் இந்தக் கதையே இல்லை. அவன் அந்தத் தெரு வழியாக ஒரு தடவை போய்விட்டு வரத்தான் போகிறான். ஒவ்வொரு ஞாயிறும் கும்மிடிப்பூண்டியிலிருந்து கிளம்பி, தச்சூர் கூட்டுரோட்டில் திரும்பி, பொன்னேரி தாண்டி, மீஞ்சூர் ரயில்வே கேட்டைக் கடந்து, மாமியார் வீட்டுத் தெருவில் நுழைவான். வீட்டுக்கு எதிரே வேகத்தைக் குறைத்துக் கண்ணோரமாக ஒரு பார்வை. அவ்வளவுதான். தெருவின் மறுமுனையில் மெயின் ரோட்டைப் பிடித்துத் திரும்பிவிடுவான்.

அந்த ஒரு பார்வையில் கிடைப்பது என்ன? வாசலில் ஒரு நீல பிளாஸ்டிக் நாற்காலி. காலி நாற்காலி. பக்கத்தில் தரையில் ஒரு முறம், அதில் பாதி ஆய்ந்த கீரை. ஒன்பது மாதத்தில் ஒருநாள்கூட அந்த நாற்காலியில் ஆள் இருந்ததில்லை. இருந்தாலும் வீட்டுக்கு வந்து படுக்கும்போது, இன்றைக்கு முருங்கைக்கீரை, போன வாரம் அரைக்கீரை என்று நினைத்துக்கொள்வான். அவள் விரல் பட்ட கீரை என்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது.

ரயிலில் போகலாமே என்று கேட்பீர்கள். மின்சார ரயில் ஓடுகிறது, உட்கார இடம்கூடக் கிடைக்கும். ஆனால் ரயிலில் போனால் இறங்கி நடக்க வேண்டும். தெருவில் நடந்து போகிறவன் ஏதோ ஒரு வீட்டுக்குப் போகிறவன். யார் வீட்டுக்கு என்று யாராவது கேட்பார்கள். வண்டியில் போகிறவனை யாரும் கேட்பதில்லை. வேறு வேலையாக வந்தவன் மாதிரி நடிக்க அவனுக்கு வண்டி வேண்டும். இதெல்லாம் ஒரு பிழைப்பா என்றால், இல்லைதான். ஆனால் வாரத்தின் ஆறு நாளையும் அந்த ஏழாவது நாளை நம்பித்தான் அவன் தள்ளிக்கொண்டிருந்தான்.

அவள் ஏன் போனாள் என்பதைச் சொல்ல வேண்டும். சண்டையெல்லாம் இல்லை. சண்டை போட்டிருந்தால் சமாதானமாவது பேசியிருக்கலாம்.

சின்னராசு சிப்காட் தொழிற்பேட்டையில் ஒரு ஃபோர்ஜிங் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். பழுக்கக் காய்ந்த இரும்பை மிஷின் சம்மட்டி அடிக்கும் இடத்தில் பதினோரு வருஷம். அங்கே யாரும் வாயால் பேசுவதில்லை, எல்லாம் கைச்சாடைதான். காதில் செருகிக்கொள்ளப் பஞ்சு கொடுப்பார்கள். செருகினால் தலைக்கு மேலே கிரேன் வருவது தெரியாது என்று அவன் செருகியதில்லை. இடது காது போய் நாலு வருஷம் ஆகிறது. வலது காது பாதி. வருஷத்துக்கு ஒருதரம் காதைச் சோதிக்க வேன் வரும். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து ஹெட்போன் மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அமுக்கச் சொல்வார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண் சத்தத்தை அனுப்பும்போது அவள் தோள் லேசாக அசையும். தோளைப் பார்த்து அமுக்கினால் பாஸ். நாலு வருஷமாக அவன் அப்படித்தான் பாஸ். போன வருஷம் அந்தப் பெண் 'உங்களுக்குக் குழந்தைக் காது' என்று பாராட்டினாளாம். அதையும் கூடவேலை செய்யும் குப்புராஜ் வெளியே வந்து கத்திச் சொல்லித்தான் தெரிந்துகொண்டான்.

காது போனது வெளியே தெரிந்தால் கான்ட்ராக்ட் ஆளுக்கு மறுநாள் கேட்டுக்குள் வேலை இல்லை. அதனால் யாரிடமும் சொல்லவில்லை. வீட்டிலும் சொல்லவில்லை. அதுதான் முட்டாள்தனம். ஜெபா அடுப்பங்கரையிலிருந்து பேசுவாள், 'சரி' என்பான். முதுகுக்குப் பின்னால் நின்று பேசுவாள், அதற்கும் 'சரி'. கேட்காதவனுக்கு இருக்கும் ஒரே ஊன்றுகோல் அந்த வார்த்தை. அவள் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த செய்தி வந்து, ஜெபா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிய அன்றுதான் அவன் முகத்துக்கு நேரே நின்று சொன்னாள்.

"நேத்து சோத்துல வெசம் வெச்சுக்கீறேன்னு சொன்னேன். சரின்னு சொல்லிட்டு சாப்ட்ட. உன்னாண்ட பேசறதுக்கு செவுத்தாண்ட பேசலாம். செவுரு சரின்னு பொய் சொல்லாது."

நேரே நின்று சொன்னதால் ஒரு சொல் விடாமல் புரிந்தது. அந்த இடத்தில் அவன் உண்மையைச் சொல்லியிருக்கலாம். 'சரி, பத்திரமா போய்ட்டு வா' என்றான். மாமியார் இடுப்பு மூன்று மாதத்தில் கூடிவிட்டது. ஜெபா திரும்பவில்லை. ஆரம்பத்தில் மூன்று தடவை போன் செய்தாள். போனில் அவனுக்குச் சுத்தமாகக் கேட்காது, மூன்று தடவையும் சரி சரி என்று வைத்தான். அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் அவன் அனுப்பும் ஞாயிறு பைபிள் வசனப் படம், அதற்கு அவளுடைய இரண்டு நீலக் கோடு. இவ்வளவுதான் ஆறு வருஷக் குடித்தனத்தில் மிச்சம்.

அன்றைக்குச் செத்த வண்டியை ஒரு குட்டியானை வேனில் ஏற்றிக் கொண்டுவந்து, கும்மிடிப்பூண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் மெக்கானிக் பீட்டரிடம் காட்டினான். பீட்டர் இன்ஜின்மீது குனிந்தபடியே நிறையப் பேசினார். குனிந்து பேசுகிறவர் வாயைப் படிக்க முடியாது. சின்னராசு எல்லாவற்றுக்கும் சரி என்றுவிட்டு, அதே வேனில் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்தான். மறுநாள் பீட்டர் அனுப்பிய ஆள் வீட்டு வாசலில் வந்து நின்று வண்டியைப் பழைய இரும்புக்கு எடுத்துப்போகக் கைவைத்தபோதுதான், தான் எதற்குச் சரி சொல்லித் தொலைத்தோம் என்று தெரிந்தது. அந்த ஆளைத் திருப்பி அனுப்பப் பட்ட பாட்டில் பீட்டருக்கும் இவனுக்கும் பேச்சு நின்றது. ஆக, இனி இன்ஜினை வீட்டில் தானே மாற்றுவது தவிர வேறு வழியில்லை.

இந்த வண்டிகளில் இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டுக்குள் இருப்பவை. ஒன்றை மாற்றினால் இரண்டும் மாறும். கவரைப்பேட்டையில் ஒரு காயலான் கடையில், முன்பக்கம் நசுங்கிய வண்டியிலிருந்து கழற்றிய அதே மாடல் இன்ஜின் கிடைத்தது. கடைக்காரர் கிக்கரைக் கையால் சுற்றிக் காட்டி, சத்தத்தைக் கேளு என்று காதைக் காட்டினார். சின்னராசு கேட்பதுபோல் தலையைச் சாய்த்துவிட்டு, உள்ளங்கையைக் கூட்டின்மேல் வைத்துப் பார்த்தான். கைக்குத் திருப்தியாக இருந்தது. இன்ஜின் நம்பரை ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்ட ரசீது வாங்கிக்கொண்டு, ஷேர் ஆட்டோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தான். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் அதைக் குழந்தையைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள்.

அந்த வாரம் காலை ஷிப்ட். இரண்டு மணிக்கு விட்டதும் வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகக் கழற்றினான். சீட்டு, டேங்க், பேட்டரி, கார்ப்பரேட்டர், செயின், கிளட்ச் கேபிள். கழற்றிய போல்ட்டுகளை எந்த இடத்தது என்று எழுதி ஜெபாவின் அஞ்சறைப்பெட்டிக் குழிகளில் போட்டு வைத்தான். ஒன்பது மாதமாகக் கடுகு தாளிக்காத வீட்டில் அஞ்சறைப்பெட்டி வேறு எதற்கு ஆகும்? சைலன்சர் போல்ட் துருவில் முறிந்து வந்தது. சைலன்சரை எடுத்துக் குலுக்கினால் உள்ளேயிருந்து ஒரு கைப்பிடி துருப்பொடியும், மக்கிப்போன ஒரு குழாய்த் துண்டும் விழுந்தன. உள்ளே ஒன்றுமே இல்லை, வெறும் தகரக் கூடு. எத்தனை வருஷமாக இப்படி ஓடிக்கொண்டிருந்தது என்று ஒரு நிமிஷம் யோசித்தான். யோசனை அதற்கு மேல் போகவில்லை. மறுநாள் அதே காயலான் கடையில் நல்ல சைலன்சர் ஒன்று வாங்கிவந்தான்.

புது இன்ஜினை ஏற்றும் வேலையை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொண்டான். மீஞ்சூருக்குக் கிளம்பாத முதல் ஞாயிறு அது. குப்புராஜ் வந்து பிடிக்கிறேன் என்று சொல்லியிருந்தார். காலையில் பார்த்தால் அவர் பள்ளிப்பட்டில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் பிரியாணி இலையோடு இருக்கும் போட்டோவை ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்.

இன்ஜினை வண்டிக்குள் தூக்கி வைக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் தாங்கிப் பிடிக்க, மற்றவர் துளையோடு துளை பொருத்தி போல்ட்டைச் செருக வேண்டும். ஒற்றை ஆளாக இருந்தால் அதற்கு வேறு வழி. இன்ஜினைத் தரையில் பக்கவாட்டில் படுக்க வைத்துவிட்டு, வண்டியை அதன்மேல் சாய்க்க வேண்டும். யாரும் இல்லாதவன் கண்டுபிடித்த முறை அது.

கீழே விரிக்கத் துணி தேடி அலமாரியைத் திறந்தான். ஜெபா விட்டுப்போன பழைய சேலை ஒன்று மேலாகவே இருந்தது. கையில் எடுத்தான், மடிப்பு கலையாமல் திரும்ப வைத்தான், தன் லுங்கியை விரித்தான். இன்ஜினைப் படுக்கவைத்து, வெறும் கூடாக நின்ற வண்டியை மெல்லச் சாய்த்து அதன்மேல் இறக்கினான். ஒரு விரல்கடை தள்ளிப்போனது. நிமிர்த்தி மறுபடி இறக்கினான், இந்தப் பக்கம் தள்ளிப்போனது. முன்பெல்லாம் அவன் செயின் மாற்றும்போது ஜெபா டார்ச்சைப் பிடித்துக்கொண்டு எதிரே குந்தியிருப்பாள். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று விரலாலேயே காட்டுவாள், பொருந்தியதும் புருவத்தைத் தூக்குவாள். அந்தப் புருவத்தைப் பார்த்து வேலை செய்து பழகியவன் அவன்.

நாலாவது தடவை துளைகள் நேராக வந்தன. வண்டியின் பாரத்தைத் தொடையில் தாங்கிக்கொண்டு, போல்ட்டுக்குக் கை நீட்டினான். எட்டவில்லை. "புடிச்சுக்கோ," என்று வாய்விட்டுச் சொன்னான்.

சொன்ன பிறகுதான் எதிரே யாரும் இல்லை என்பது தெரிந்தது. அழுகை வந்தது. கையெல்லாம் கிரீஸ், துடைக்கவும் முடியவில்லை. அழுதபடியே போல்ட்டைக் காலால் இழுத்து எடுத்துச் செருகினான்.

மீதி வேலைகள் அந்த வாரத்துச் சாயங்காலங்களைச் சாப்பிட்டுவிட்டு அடுத்த ஞாயிறு மத்தியானம்தான் முடிந்தன. கிக்கரை மிதித்தான். டேங்கில் கை வைத்துப் பார்த்தான். பழைய வண்டி ஓடினால் டேங்க் மட்டுமல்ல, பல்லே அதிரும். இதில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி மிதித்தான், மறுபடியும். பக்கத்துப் போர்ஷன் செல்வி துணி உலர்த்த வந்தவள் வாளியை வைத்துவிட்டு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அருகில் வந்து முகத்துக்கு நேராகச் சொன்னாள்.

"இன்னாண்ணா, ஓடிக்கினு கீற வண்டிய போட்டு ஒதைக்கிற?"

வெட்கமாகப் போய்விட்டது. சரி சரி என்று சிரித்து மழுப்பினான். செல்வி விடவில்லை. அவளுக்கு இது பெரிய வேடிக்கை. "இனிமே நான் கடியாரம்தான் வாங்கணும். நீ தண்ணி டேங்காண்ட திரும்பும்போதே இங்க தெரியும். அண்ணன் வந்துடுச்சு, ரெண்டேகால் ஆச்சுன்னு புள்ளைக்கி சோறு போடுவேன்."

இன்னொரு தரம் சொல்லச் சொன்னான். சொன்னாள். தண்ணீர் டேங்க் இரண்டு தெரு தள்ளி இருக்கிறது.

செல்வி துணியை உலர்த்திவிட்டுப் போய்விட்டாள். சின்னராசு வண்டியை அணைக்கக்கூட மறந்து நின்றான். இரண்டு தெரு. மீஞ்சூரில் ரயில்வே கேட்டிலிருந்து மாமியார் வீடும் இரண்டு தெருதான். ஒன்பது மாதமாக, யாருக்கும் தெரியாமல் பூனை மாதிரி போய்வருகிறோம் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தது எல்லாம், அந்த வெறும் சைலன்சரோடு ஊரையே எழுப்பிக்கொண்டு போனதுதான். அந்த நாற்காலி எப்போதும் காலியாக இருந்ததல்ல. அதில் அவள் உட்கார்ந்திருந்திருக்கிறாள். கீரை ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறாள். இவன் வரும் சத்தம் கேட்டதும், பாதியில் போட்டுவிட்டு எழுந்து உள்ளே போயிருக்கிறாள். முகத்தைக்கூடப் பார்க்க வேண்டாம் என்று, ஒரு வாரம் தவறாமல்.

அன்றைக்கு அவன் மீஞ்சூர் போகவில்லை. சாப்பிடவும் இல்லை. அடுத்த ஆறு நாளும் சம்மட்டிக்குப் பக்கத்தில் நின்று இரும்பைப் புரட்டியபடி ஒரே யோசனை. அவளுக்கு வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டியதுதான். ஆனால் ஒரே ஒரு தடவை. இப்போது வண்டிக்குச் சத்தமில்லை. அவளுக்குத் தெரியாமல் போய், நாற்காலியில் அவள் உட்கார்ந்திருப்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டு, அதோடு அந்தத் தெருவை விட்டுவிடலாம். சனிக்கிழமை ராத்திரி அப்படி முடிவு செய்தபின்தான் தூக்கம் வந்தது.

ஞாயிறு சாயங்காலம் கிளம்பினான். வண்டி வெண்ணெய் மாதிரி போனது. பழைய வண்டியில் மூன்றாவது கியர் நிற்காது, நழுவி விழும். அவன் கால் அதைத் தாண்டிப் போகவே பழகியிருந்தது. இதில் மூன்றாவது சமர்த்தாக நின்றது. அதற்குக்கூட அவனுக்குச் சந்தோஷம் வரவில்லை. பொன்னேரி தாண்டி, மீஞ்சூர் ரயில்வே கேட்டில் ஒரு கூட்ஸ் ரயிலுக்கு நின்று, தெருவில் திரும்பினான்.

ஜெபா இருந்தாள்.

நீல நாற்காலியில், மடியில் முறத்தோடு. கொஞ்சம் இளைத்திருந்தாள். மாம்பழ நிறச் சேலை, தலையில் ஒரு முழம் கனகாம்பரம். கோயிலுக்குப் போய்வந்த சேலையை மாற்றவில்லை. முறத்தில் கீரை கட்டுப் பிரிக்காமல் அப்படியே கிடந்தது. அவள் கீரையைப் பார்க்கவில்லை. கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, ரயில்வே கேட்டுப் பக்கத்துத் தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். போனை எடுத்து மணி பார்த்தாள், மறுபடி முனையைப் பார்த்தாள். சின்னராசு ஹெல்மெட்டோடு அவளைக் கைநீட்டினால் தொடும் தூரத்தில் கடந்து போனான். அவள் கண் அவன்மேல் பட்டு, நிற்காமல் தாண்டி, மறுபடி முனைக்கே போனது. வேறு யாரோ போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

தெருவின் கடைசியில் வண்டி தானாகவே நின்ற மாதிரி நின்றது. சத்தம் கேட்டால் ஓடி ஒளிகிறவள், அந்தச் சத்தம் வருமா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாளா? அந்தக் கழுத்துச் சாய்வு அவனுக்குத் தெரியும். கேட்க முடியாத ஒன்றைக் கேட்க முயலும்போது அவனே தினமும் சாய்க்கிற சாய்வு அது.

மெயின் ரோடு பத்தடியில் இருந்தது. இன்ஜினை அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றி வண்டிக் கண்ணாடியில் மாட்டினான். வண்டியைத் திருப்பித் தள்ளிக்கொண்டு, ஒன்பது மாதத்தில் முதல் தடவையாக அந்தத் தெருவில் நடந்தான். ஒரு வீட்டுக்குப் போகிறவனாக.

நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்வரை அவள் திரும்பவில்லை. திரும்பியதும் முறம் மடியிலிருந்து சரிந்தது. அவனைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள், குனிந்து கீரையைப் பொறுக்கிக்கொண்டே என்னவோ சொன்னாள். நீளமாகச் சொன்னாள். தலை குனிந்திருந்தது, வாய் தெரியவில்லை. தோள் மட்டும் அசைந்தது. அந்தத் தோளைப் பார்த்துப் பொத்தானை அமுக்கலாம். 'சரி' நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அதை விழுங்கினான். "ஜெபா, எனக்கு கேக்கல. காது போச்சு. நாலு வருசமாவே கேக்கல," என்றான். "நீ சொன்னது எதுவுமே கேக்கல. இந்தப் பக்கமா வந்து இன்னொரு தபா சொல்லு."

அவள் கீரையைக் கையில் பிடித்தபடி அப்படியே நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். கோபம் வந்தது போலிருந்தது, பிறகு அது போய், நாலு வருஷத்தையும் மனசுக்குள் திருப்பிப் பார்க்கிற மாதிரி ஒரு முகம் வந்தது. எழுந்தாள். வண்டியைச் சுற்றிக்கொண்டு அவன் வலது பக்கம் வந்து நின்று, காதுக்குக் கிட்டே வாயை வைத்து, எதிர்வீட்டுக்கும் கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்.

"வண்டி கேட்டாண்ட வரும்போதே கேக்கும். காத்துக்கினு கெடந்தா மாதிரி தெரியக் கூடாதுன்னு உள்ள போயிடுவேன். போயி டீ வெப்பேன், ரெண்டு கிளாசு. எறக்கறதுக்குள்ள சத்தம் தெருவத் தாண்டிப் பூடும். ஒன்பது மாசம். மூணு வாரமா அந்தச் சத்தமும் இல்ல."

குரல் அங்கே உடைந்து சின்னதாகிவிட்டது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அணைந்து நின்ற வண்டியின் இன்ஜினைக் கையால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, இன்னும் ஒரு வாக்கியம் சொன்னாள். அது மட்டும் அவனுக்கு எட்டவில்லை. தலையைச் சாய்த்து, இன்னொரு தடவை சொல்லு என்றான்.

"இனிமே சத்தமில்லாம வந்தா, எப்ப டீ வெக்கறதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்னு கேட்டேன்."